உம்மாவின் காப்பும் மகனின் காரும்

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து அமர்ந்திருந்தேன். உள்ளே என் மனைவியோடு பேசிக் கொண்டிருந்த பக்கத்துத் தெரு ராத்தா, "மௌலவியிடம் ஒரு விசயம் கேக்க வேணும்" என்று கதவோரமாக வந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் ஓதிய பிள்ளை. இப்போது இருபத்து நான்கு வயது. கடையொன்றில் கணக்கு எழுதுகிறான். வாப்பா மௌத்தாகி ஆறு வருடமாகிறது.

"மகன் ஒரு கார் வாங்கப் போறானாம் மௌலவி. பழைய கார்தான். ஆனா ரேஸ் ஓடுற ஜாதியாம், டர்போவாம். கையில உள்ள காசு போதாதுண்டு என்ட ரெண்டு காப்பையும் கேக்கிறான். குடுக்கிறதா, வேணாமா?"

காப்பைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாத விசயத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றுதான் எங்கள் உஸ்தாத்மார் எங்களுக்குப் படித்துத் தந்தார்கள். "ஒரு கிழமை தவணை தாங்க ராத்தா" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் பையனையும் அழைத்துக் கொண்டு, கண்டி வீதியில் முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானாவிடம் போனேன். அவரிடமும், பின்னர் வேறு சிலரிடமும் கேட்டறிந்ததையே இங்கு எழுதுகிறேன். கார் ஓட்டுவது மகன்தான். ஆனால் அதற்குப் பணம் போவது உம்மாவின் கழுத்திலிருந்தும், மனைவியின் கையிலிருந்தும், வீட்டுச் செலவிலிருந்தும் அல்லவா? ஆகவே சகோதரிகளே, இது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விசயம்.

டர்போ என்பது என்ன?

விறகு அடுப்பில் நெருப்பு மங்கும்போது ஊதுகுழலால் ஊதுகிறோம். காற்று அதிகமாகப் போனதும் நெருப்பு குபீரென்று எழும்புகிறது. டர்போவும் இப்படியான ஒரு ஊதுகுழல்தான். எஞ்சினுக்குள் பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தானே உறிஞ்சக் கூடிய காற்றை மட்டும் எடுத்துக் கொள்கிறது. டர்போ பூட்டிய எஞ்சினுக்கோ காற்று அமுக்கி ஊட்டப்படுகிறது. காற்றும் அதிகம், பெற்றோலும் அதிகம், வலுவும் அதிகம்.

ஊதுவது யார்? சைலன்சர் வழியாக வெளியே போகும் சூடான புகைதான்! அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையிலிருந்து வேலை வாங்கும் இந்த யோசனைக்கு அல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் 1905ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்றார். பொதுமக்கள் வாங்கும் கார்களில் அது வந்தது 1962இல், அமெரிக்காவில்.

நமது இளைஞர்கள் மோகம் கொண்டிருப்பது பெரும்பாலும் ஜப்பானியக் கார்கள் மீதுதான். மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன், சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ் ஆகிய இரண்டும் 1992இல் வெளிவந்தவை. உலக ரலி ஓட்டப் போட்டியில் கலந்து கொள்வதற்கு, அதே மாதிரிக் கார்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் விற்றிருக்க வேண்டும் என்பது அன்றைய போட்டி விதி. அதற்காகவே இவை செய்யப்பட்டன. 1995இல் கொலின் மெக்ரே சுபாருவில் உலகச் சம்பியனானார். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை டொமி மெக்கினன் மிட்சுபிஷியில் சம்பியனானார்.

இரண்டு லீற்றர் எஞ்சின்தான். ஆனாலும் பிந்திய வகைகளில் 280 குதிரைவலு வரை இருந்தது. நமது வீதிகளில் ஓடும் 1000 சீசீ சிறிய கார் ஒன்றின் வலுவைப் போல் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். வெளியில் பார்த்தால் நான்கு கதவுள்ள குடும்பக் கார் போலத் தெரியும். உள்ளே இருப்பதோ போட்டிக்காகச் செய்த எஞ்சின். பந்தயக் குதிரையை வாங்கிவிட்டு வண்டி மாட்டுக்குப் போடும் தீனியைப் போட முடியுமா?

ஒயில்தான் அதன் உயிர்

வீட்டிலுள்ள தையல் மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் அளவுதான் போடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலக் கூடியது. அதன் ஒரு பக்கம் செந்தணலாகக் காய்கிறது. இவ்வளவு வேகத்தையும் சூட்டையும் தாங்கிக் கொண்டு அந்தத் தண்டு நிற்பது மெல்லிய ஒயில் படலம் ஒன்றின் மீதுதான்.

கராஜ் நானா ஓர் உதாரணம் சொன்னார். "கடுகண்ணாவ ஏத்தத்தை ஒரே மூச்சில ஏறி வாறான். மேலே தேத்தண்ணிக் கடையைக் கண்டதும் டக்கெண்டு நிப்பாட்டி சாவியைத் திருப்புறான். எஞ்சின் நிண்டா ஒயிலும் நிண்டுரும். சூட்டில இருக்கிற டர்போவுக்குள்ள அந்த ஒயில் அப்படியே கருகும். சட்டியில எண்ணெய் கருகினாப் போலதான்."

கருகிய ஒயில் கரியாகப் படியும். அந்தக் கரி நாளடைவில் ஒயில் வரும் நுண்ணிய வழிகளை அடைக்கும். ஒயில் கிடைக்காத டர்போ ஒரு நாள் சீறிக் கொண்டே செத்துப் போகும். டர்போவைச் சுற்றித் தண்ணீரும் ஓடும்படி செய்த கார்களில் இந்த ஆபத்து குறைவு. என்றாலும், வேகமாக ஓடி வந்தால் ஒரு நிமிடமாவது எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்துவதே நல்ல பழக்கம்.

ஆகவே இத்தகைய காருக்கு நல்ல ரக சிந்தெடிக் ஒயில் போட வேண்டும். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சில எஞ்சின்கள் ஓட ஓட ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும் செய்யும். கிழமைக்கு ஒருமுறை கம்பியை இழுத்து ஒயில் மட்டம் பார்க்காதவன் டர்போ கார் வைத்திருக்கத் தகுதியற்றவன் என்பது நானாவின் தீர்ப்பு.

பழைய கார்களில் பழுதாகும் இடங்கள்

முதலாவது, டர்போதான். காரை முடுக்கும்போதோ, இறக்கத்தில் இறங்கி மீண்டும் முடுக்கும்போதோ நீல நிறப் புகை வந்தால் ஒயில் எரிகிறது என்று அர்த்தம். வழக்கமான மெல்லிய விசில் சத்தம் அம்புலன்ஸ் ஊளையைப் போல மாறினால் தண்டு ஆடத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது, எஞ்சினின் உள்ளுறுப்புகள். இதில் நமது நாட்டுக்கென்று ஒரு விசேட பிரச்சினை உண்டு. ஜப்பானில் விற்பதற்காகச் செய்த இந்த எஞ்சின்கள் அந்நாட்டின் உயர் ரகப் பெற்றோலுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டவை. அது ஏறக்குறைய 100 ஒக்டேன். நமது நிலையங்களில் வழக்கமாகக் கிடைப்பது 92, 95 இரண்டும்தான். ஒக்டேன் குறைந்த பெற்றோல், அமுக்கப்பட்ட சூடான காற்றோடு சேரும்போது, பற்ற வேண்டிய நேரம் வருமுன் தானாகவே வெடித்துவிடும். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் தட்டுவது போன்ற அடி அது. நாளடைவில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போகும். பெற்றோலில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக 92 அடிப்பவர், பிறகு எஞ்சினையே கழற்ற நேரிடும். வலுவைக் கூட்டுவதற்காக முந்திய சொந்தக்காரர் கம்பியூட்டரை மாற்றிக் காற்றழுத்தத்தையும் கூட்டியிருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

மூன்றாவது, டைமிங் பெல்ட். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் வந்த இவ்வகை எஞ்சின்களில் ஒரு ரப்பர் பெல்ட்தான் பிஸ்டனையும் வால்வையும் ஒழுங்காக ஓட வைக்கிறது. சுமார் ஒரு இலட்சம் கிலோமீற்றரில் அதை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருடம் போகப் போக ரப்பர் வெடிக்கும். ஓடும்போது அறுந்தால் வால்வில் பிஸ்டன் மோதும். ஒரு பெல்ட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஓர் எஞ்சினின் விலையில் போய் முடியும். அதை மாற்றும்போதே தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிடுவது புத்தி.

நான்காவது, தண்ணீர்ச் சூடு. றேடியேட்டர் அடைத்தாலோ, பழைய குழாய் வெடித்தாலோ எஞ்சின் கொதிக்கும். ஹெட் கெஸ்கட் போகும். வெள்ளைப் புகை விடாமல் வரும். சுபாருவின் எஞ்சினில் பிஸ்டன்கள் இரு பக்கமும் படுத்த நிலையில் வேலை செய்வதால், இந்த வேலைக்குப் பெரும்பாலும் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டியிருக்கும். கூலி கூடுவதற்கு அதுவே காரணம்.

ஐந்தாவது, கிளச்சும் கியர் பொக்ஸும். நின்ற இடத்திலிருந்து பாய்ந்து ஓடுவதுதான் இளவட்டங்களுக்கு விருப்பம். ஒவ்வொரு பாய்ச்சலும் கிளச் தட்டைத் தின்கிறது. முந்திய இம்ப்ரெஸா கார்களின் ஐந்து கியர் பெட்டி இப்படியான பாய்ச்சலைத் தாங்காது என்பது அக்கார் வைத்திருப்போர் மத்தியில் பிரசித்தமான விசயம். 1996இல் வந்த நான்காவது எவொலூஷன் முதல் சில வகைகளில், பின்சில்லுகளுக்கு வலுவைப் பகிரும் ஒரு பம்ப் இருக்கிறது. அது பழுதானால் செலவு கடுமை.

ஆறாவது, ரயர். நாலு சில்லும் ஓடும் காரில் நாலு ரயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று புதிது, மூன்று பழையது என்று போட்டால் நடுவிலுள்ள டிபரென்ஷல் ஓயாமல் உராய்ந்து கெடும். சாதாரண காரில் ஒரு ரயர் வெடித்தால் ஒன்றை வாங்குவோம். இதில் நான்கு வாங்க நேரிடலாம்.

இவற்றோடு, கார் இருபது முப்பது வருடம் பழையது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரப்பர் குழாய்கள், வயர்கள், இரும்புத் துரு என்று ஒவ்வொன்றாகத் தலை காட்டும்.

வாங்க ஒரு விலை, வைத்திருக்க ஒரு விலை

ராத்தாவின் மகன் தன் கொப்பியில் கார் விலையை மட்டும் எழுதி வைத்திருந்தான். நானா அதன் கீழ் ஒரு கோடு போட்டு, "இனித்தான் கணக்கு" என்றார்.

மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக் கொள்வோம். சிறிய கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் 67 லீற்றர் போதும். டர்போ கார் ஊருக்குள் லீற்றருக்கு 8 ஓடினால் 125 லீற்றர் வேண்டும். வித்தியாசம் மாதம் 58 லீற்றர். வருடத்துக்கு ஏறத்தாழ 700 லீற்றர். அதுவும் விலை கூடிய 95 ஒக்டேன்! இன்றைய பெற்றோல் விலையால் 700ஐப் பெருக்கிப் பாருங்கள் சகோதரிகளே. ஓதப் போகும் ஒரு பிள்ளையின் வருடச் செலவு அதில் ஒளிந்திருக்கும்.

அடுத்தது உதிரிப்பாகம். பஞ்சிகாவத்தையில் தேடினால் சாதாரண காரின் பாகங்கள் கடைக்குக் கடை தொங்கும். இவற்றின் பாகங்களோ சொல்லி வைத்து எடுக்க வேண்டியவை. பல வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அன்று மாவுக்கும் மருந்துக்கும் ஏறிய விலைதான் காரின் பாகங்களுக்கும் ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறியது. ஆக, கூடிய விலை கொடுத்து வாங்கிய பழைய காருக்கு, கூடிய விலையில் பாகமும் வாங்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இவற்றுக்கு மேல் காப்புறுதி, வருட வருமான அனுமதிப்பத்திரம், அதற்கு முன் புகைப் பரிசோதனை. சைலன்சரை மாற்றி, புகையைச் சுத்திகரிக்கும் பாகத்தைக் கழற்றி விற்ற கார் அந்தப் பரிசோதனையில் தடுமாறும்.

"காருக்குக் குடுக்கிற காசில மூண்டில ஒரு பங்கை வேறாக எடுத்து வெக்க ஏலுமெண்டா வாங்கு. வெக்க ஏலாட்டி, உனக்கு அந்தக் கார் வாங்க வசதி இல்லையெண்டுதான் அர்த்தம்" என்றார் நானா. பையன் கொப்பியை மூடினான்.

பார்த்து வாங்கும் முறை

இவ்வளவும் தெரிந்து, வசதியும் இருந்து, விருப்பத்தோடு ஒருவர் வாங்குவதானால் அது தடுக்கப்பட்டதல்ல. ஆனால் பின்வருவனவற்றைப் பார்க்காமல் ஒரு சதமும் முற்பணமாகக் கொடுக்கக் கூடாது.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். போனதும் பொனட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓட்டிச் சூடாக்கிவிட்டார்கள். குளிரில் தட்டும் எஞ்சின் சூட்டில் மௌனமாகிவிடும்.

ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மஞ்சள் நிறத்தில் பாலாடை போலப் படிந்திருக்கிறதா? தண்ணீர் கலந்திருக்கலாம். கம்பியில் ஒயில் பெற்றோல் வாடை அடிக்கிறதா? அதுவும் நல்லதல்ல.

ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் சோதனையைக் கட்டாயம் செய்விக்க வேண்டும். விற்பவர் இதை மறுத்தால் அங்கிருந்து எழுந்து வருவதே மேல்.

வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் காரிலுள்ளவற்றோடு ஒத்துப் போகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு, அது பதியப்படாமல் இருந்தால் பெயர் மாற்றும்போது சங்கடம். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்பாமல் சேர்விஸ் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு எழுத்து ஆதாரம் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

குறையைச் சொல்லி விற்பவர் எங்கே?

என் நெருங்கிய உறவினர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் இப்படியான ஒரு காரை வாங்கினார். ஓட்டிப் பார்த்தபோது எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது மாதம் வீதியில் நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், உள்ளே பெயரிங் வெகு நாளைக்கு முன்பே தேய்ந்திருப்பதாகவும், சத்தம் வெளியே கேட்காமலிருக்க மிகத் தடித்த ஒயில் ஊற்றியிருப்பதாகவும் சொன்னார். விற்றவரிடம் போனால், "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று கையை விரித்துவிட்டார். அவருடைய மனைவியின் நகைகள் அந்தக் காரோடு போனவை. இன்றுவரை திரும்பி வரவில்லை.

கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். தடித்த ஒயில் ஊற்றி விற்பதும், மீற்றரைத் திருப்பி வைத்து விற்பதும் அந்த ஈரத் தானியம்தானே? தெரிந்த குறையை மறைத்துவிட்டு, "உள்ளபடி வாங்கிக்கொள்" என்ற ஒரு வார்த்தையால் விற்பவர் தப்பிவிட முடியாது. விற்கும்போதே இருந்த குறை பிறகு தெரிய வந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே நமது பிக்ஹு நூல்கள் சொல்லும் சட்டம். நமது வீட்டுக் காரை நாம் விற்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காப்பு யாருடையது?

உம்மாவின் நகை உம்மாவின் சொத்து. மனைவியின் மஹர் மனைவியின் சொத்து. அவர்கள் மனம் விரும்பித் தந்தாலன்றி, மகனுக்கோ கணவனுக்கோ அதில் உரிமை கிடையாது. அழுதும், முகத்தைத் திருப்பியும், சாப்பாட்டை வெறுத்தும் பெறுவது மனம் விரும்பித் தந்ததாக ஆகுமா? கடனாகத் தருவதானால் பெற்ற மகனாக இருந்தாலும் எழுதி வையுங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி குர்ஆனே நமக்குக் கற்பிக்கிறது. காப்பு மிச்சப்படட்டும் என்று லீசிங் பக்கம் போனால் அங்கே வட்டி காத்திருக்கிறது. அதைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நமது வீதிகளில் காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் ஊர்களுக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. 280 குதிரைவலுவை எங்கே கொண்டு போய் ஓட்டுவது? இரவு பதினொரு மணிக்கு, வெறிச்சோடிய வீதியில்தான். பழுதான எஞ்சினுக்கு வேறு எஞ்சின் தேடலாம். பிள்ளைக்கு எங்கே போவது? காரின் விலையைப் பேசும்போது எந்த உம்மாவும் இந்தக் கணக்கை விட்டுவிடக் கூடாது.

அந்தக் காருக்கு நடந்தது

ஒரு கிழமை முடிவதற்குள் நானாவும், பையனும், நானும் அந்தக் காரைப் பார்க்கப் போனோம். பொனட் சூடாக இருந்தது. நானா ஒன்றும் சொல்லாமல், "நாளைக்கு சுபஹுக்குப் பிறகு வாறம்" என்று திரும்பினார். மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கியபோது உள்ளே மெல்லிய தட்டல் சத்தம். அமுக்கத்தை அளந்ததில் மூன்று சிலிண்டர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. நான்காவது வெகு குறைவு.

விற்பவரும் ஒரு இளைஞர்தான். நானா அளவுகளைக் காட்டியதும் அவர் முகம் வாடியது. "நான் வாங்கேக்குள்ளயும் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லல்ல" என்றார். அந்த வார்த்தை என் மனதை உறுத்தியது. ஒருவர் மறைத்தது அடுத்தவர் தலையில், அவர் மறைப்பது அதற்கடுத்தவர் தலையில் என்று அந்த ஒரு பழுது எத்தனை வீடுகளின் நகையைத் தின்றிருக்குமோ!

வரும் வழியில் பையன் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஹஸ்ரத், உம்மாக்கிட்ட நானே சொல்றேன்" என்றான்.

மாதங்கள் சில சென்றுவிட்டன. அவன் கார் எதுவும் வாங்கவில்லை. ஆசையும் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானாவின் கராஜில் நின்று எஞ்சின் வேலை பழகுகிறான். "இப்ப ஒயில் வாசத்திலயே சொல்லுவேன் ஹஸ்ரத்" என்று என்னிடம் பெருமையடித்தான். இன்னும் சில வருடம் சேமித்து, தன் காசிலேயே வாங்குவானாம். வாங்கட்டும். சொந்த உழைப்பில், கண் திறந்து, குறையும் செலவும் அறிந்து வாங்குவதை யார் தடுப்பது?

போன கிழமை அவனது உம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் கொண்டு வந்தார். தட்டை என் மனைவியிடம் நீட்டும்போது இரண்டு காப்பும் அவர் கையில் கிலுங்கின.

நமது பிள்ளைகளின் ஆசைகளுக்கு நிதானத்தையும், நமது கொடுக்கல் வாங்கல்களுக்கு நேர்மையையும், வீதியில் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதுகாப்பையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.